சிறைக்குள் தள்ளப்பட்ட தாய்மொழி



தமக்கென்று ஒரு நாடு இல்லாத பெரிய இனங்களுள் ஒன்று குர்திய இனம். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் மலைப் பகுதியே அவர்களின் தாயகம். அவர்களின் மக்கள் தொகை 3 கோடியிலிருந்து 4 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் துருக்கியில் வாழ்கின்றனர். குர்தியப் போராட்டம் என்றவுடன் மலையில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் போராளிகள்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால், அந்தப் போராட்டத்தின் முக்கியமான அத்தியாயங்கள் பல, சிறைச்சாலைகளில் எழுதப்பட்டவை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது? முதலாம் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு தோற்றது. 1920-ஆம் ஆண்டு கையெழுத்தான செவ்ரே ஒப்பந்தம், குர்தியருக்குத் தன்னாட்சி வழங்கவும், பின்னர் அவர்கள் தனி நாடு கோரவும் வழி செய்தது. மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1923-ஆம் ஆண்டு லொசான் ஒப்பந்தத்தில் அந்த வாக்குறுதி காணாமல் போனது. புதிதாகப் பிறந்த துருக்கிக் குடியரசு, ஒரே நாடு, ஒரே இனம், ஒரே மொழி என்ற கொள்கையின் மீது கட்டப்பட்டது. 1925-இல் ஷேக் சயீத் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், தியார்பாக்கிர் நகரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஈரானிலும் இதே கதைதான். 1946 ஜனவரியில் மகாபாத் நகரில் குர்தியக் குடியரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. அது ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அதன் அதிபர் காசி முகமது, 1947 மார்ச் 31-ஆம் நாள், குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டார்.

துருக்கியில், குர்தியர் என்று ஓர் இனம் இருப்பதாகச் சொல்வதே நெடுங்காலம் குற்றமாக இருந்தது. அவர்கள் 'மலைத் துருக்கியர்' என்றே அழைக்கப்பட்டனர். இஸ்மாயில் பெசிக்சி என்ற சமூகவியல் அறிஞரை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் குர்தியர் அல்லர், துருக்கியர். ஆய்வுக்காகக் கிழக்கு மாநிலங்களுக்குச் சென்றார். அங்கே தாம் கண்டதை எழுதினார். குர்தியர் தனி இனம், அவர்களுக்குத் தனி மொழி உண்டு என்றார். இதற்காக அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் 17 ஆண்டுகள்! அவருடைய நூல்களுள் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன.

1980 செப்டம்பர் 12-ஆம் நாள் துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் தியார்பாக்கிர் நகரின் 5-ஆம் எண் இராணுவச் சிறை குர்தியக் கைதிகளால் நிரம்பியது. அங்கே நடந்த சித்திரவதைகளைப் பிழைத்து வந்தவர்கள் பின்னாளில் விவரித்திருக்கிறார்கள். அடியும் உதையும் ஒருபுறம். கைதிகள் துருக்கிய மொழியில் மட்டுமே பேச வேண்டும் என்ற கட்டளை மறுபுறம். பார்க்க வரும் உறவினர்களுக்கும் அதே கட்டளைதான். கிராமத்துத் தாய்மார்கள் பலருக்குத் துருக்கிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பல மணி நேரம் பயணம் செய்து வந்த தாய், கம்பிக்கு அப்பால் நிற்கும் மகனிடம் "சாப்பிட்டாயா?" என்றுகூடக் கேட்க முடியாமல் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

1982 ஜூலை 14-ஆம் நாள் அச்சிறையில் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கியது. செப்டம்பர் மாதத்தில் கெமால் பிர், ஹைரி துர்முஷ், அகிஃப் இல்மாஸ், அலி சிச்செக் ஆகிய நால்வரும் ஒருவர் பின் ஒருவராக உயிர் துறந்தனர். அவர்கள் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்தவர்கள். 1978-இல் அப்துல்லா ஓச்சலான் தொடங்கிய கட்சி அது. 1984 ஆகஸ்டில் அக்கட்சி ஆயுதப் போரைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த இளைஞர்கள் பலருக்குத் தியார்பாக்கிர் சிறைதான் காரணமாக இருந்தது. ஒரு போராட்டத்தை அடக்கக் கட்டப்பட்ட சிறையே அதற்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

இனி, ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்கிறேன். லைலா சானா 1961-ஆம் ஆண்டு பிறந்தவர். 14 வயதில் மெஹ்தி சானாவுக்கு மனைவியானார். தையற்காரரான மெஹ்தி 1977-இல் தியார்பாக்கிர் நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980-இல் கைதானவர், 1991 வரை சிறையில் இருந்தார். கணவரைக் காண லைலா சிறைச்சாலைக்குச் சிறைச்சாலை அலைந்தார். அந்த அலைச்சலில்தான் துருக்கிய மொழியைக் கற்றார். தாமே படித்துத் தேர்வும் எழுதினார். 1988-இல் சிறைவாசலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் அவரும் கைதானார்.

1991 அக்டோபர் தேர்தலில் அவர் வென்றார். துருக்கி நாடாளுமன்றத்திற்குச் சென்ற முதல் குர்தியப் பெண் அவர்தான். பதவியேற்பின்போது உறுதிமொழியைத் துருக்கிய மொழியில் வாசித்தார். இறுதியில் குர்திய மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். துருக்கிய, குர்திய மக்களின் சகோதரத்துவத்திற்காக இந்த உறுதிமொழியை எடுத்துக்கொள்கிறேன் என்பதே அதன் பொருள். அவையில் கூச்சல் எழுந்தது. "துரோகி" என்று கத்தினர். 1994 மார்ச்சில் அவருடைய நாடாளுமன்றப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. ஆயுதக் குழுவின் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டின் பேரில், அதே ஆண்டு டிசம்பரில் அவருக்கும் மேலும் மூன்று உறுப்பினர்களுக்கும் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

1995-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்குச் சகாரோவ் பரிசை அறிவித்தது. 2001-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2004 ஜூன் 9-ஆம் நாள் அவர் விடுதலையானார். அதே நாளில்தான் துருக்கி அரசுத் தொலைக்காட்சி முதன்முறையாகக் குர்திய மொழியில் நிகழ்ச்சி ஒளிபரப்பியது. ஒரு வாக்கியத்துக்காகத் துரோகி என்று தூற்றப்பட்டவர் வெளியே வந்த நாளில், அந்த மொழி அரசின் தொலைக்காட்சியிலேயே ஒலித்தது.

ஓச்சலானின் கதை வேறு வகை. 1999 பிப்ரவரி 15-ஆம் நாள் கென்யாவின் நைரோபி நகரில் அவர் பிடிபட்டார். ஜூன் 29-ஆம் நாள் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஷேக் சயீத் தூக்கிலிடப்பட்ட அதே தேதி! துருக்கி மரண தண்டனையைக் கைவிட்டதால், 2002-இல் அது ஆயுள் தண்டனையாக மாறியது. மர்மரா கடலில் உள்ள இம்ராலி தீவில் 2009 வரை அவர் ஒருவரே கைதி.

இங்கே நாம் நடுநிலையோடு பேச வேண்டும். இந்தப் போரில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். ஓச்சலானின் இயக்கம் ஆசிரியர்களையும் பொதுமக்களையும் கொன்றதுண்டு. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் பயங்கரவாத இயக்கமாகப் பட்டியலிட்டன. அரசுத் தரப்போ 3,000-க்கும் அதிகமான கிராமங்களையும் சிற்றூர்களையும் காலி செய்தது. இரு தரப்பிலும் குருதி உண்டு.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு நாடாளுமன்றத்திற்கு வா என்று சொல்கிற அரசு, வாக்குப் பெற்று வந்தவரையே சிறையில் தள்ளினால், மற்றவர்கள் எந்த வழியில் போவார்கள்? செலாஹத்தின் தெமிர்தாஷ் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர், வழக்கறிஞர். 2015 ஜூன் தேர்தலில் அவருடைய கட்சி 80 இடங்களை வென்றது. 2016 நவம்பர் 4-ஆம் நாள் அவர் கைதானார். 2018-இல் சிறைக்குள் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று 8 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்றார். அவரை உடனே விடுவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவர் விடுவிக்கப்படவில்லை. 2024 மே மாதம் அவருக்கு 42 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

2025 பிப்ரவரி 27-ஆம் நாள், 26 ஆண்டுச் சிறைவாசத்திற்குப் பின், ஓச்சலான் தம் இயக்கத்தைக் கலைத்துவிடுமாறு இம்ராலியிலிருந்து அழைப்பு விடுத்தார். மே மாதம் இயக்கம் தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலை 11-ஆம் நாள், வட ஈராக்கில் 30 போராளிகள் தங்கள் துப்பாக்கிகளைத் தீயிலிட்டனர். ஆகஸ்டில் துருக்கி நாடாளுமன்றம் இதற்கென ஓர் ஆணையம் அமைத்தது. நாற்பதாண்டுப் போரை முடிக்க, அரசு ஒரு கைதியின் வாய்ச்சொல்லை நாட வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

துப்பாக்கிகள் எரிந்தது நல்ல தொடக்கம். ஆனால், தாய்மொழியில் பேசியவரையும் வாக்குச் சீட்டை நம்பி வந்தவரையும் அரசு இனி எப்படி நடத்தும் என்பதில்தான் அந்த அமைதியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. தியார்பாக்கிர் சிறை 2022-இல் மூடப்பட்டு, அருங்காட்சியகமாக்குவதற்காகப் பண்பாட்டு அமைச்சிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறைக் கட்டடத்தை மூடிவிடலாம். அந்தத் தாய்மார்கள் கம்பிக்கு வெளியே ஏன் வாயடைத்து நின்றார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போதுதான் அந்தக் காலம் உண்மையாகவே முடிந்தது என்று சொல்லலாம்.