சுவிச்சை டேப் பக்கம் தள்ளினியா?



பெருநாள் விடுமுறையில் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது இரண்டு சாமான்கள் கைக்கு வந்தன. ஒன்று, சவூதியில் வேலை செய்த உம்மா 1984இல் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய டூ இன் வன். மற்றது, 2009இல் நான் வாங்கிய விரலளவு எம்பி3 பிளேயர். டூ இன் வன்னோடு உம்மா அங்கிருந்து பேசி அனுப்பிய கெசட்டும் இருந்தது. பிளேயரில் வாப்பா மௌத்தாவதற்கு முந்திய வருடம் சொன்ன ஊர்க் கதைகள் இருந்தன.

பழையது பேசியது. புதியது பேசவில்லை. ஏன் என்று தேடிப் பார்த்தால், பாதிக் காரணம் சுவிச்சில் இருக்கிறது.

வால்வு ரேடியோக் காலத்தில் பெட்டியைப் போட்டால் வால்வு சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். 1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1, அடுத்த வருடம் ஜப்பானில் சோனியின் டிரான்சிஸ்டர் என்று கைக்கடக்கமான ரேடியோக்கள் வந்தன. சூடாக வேண்டியதில்லை, திருப்பியதும் பாடும். சத்தம் கூட்டும் குமிழிலேயே சுவிச்சும் இருக்கும். கடைசி வரை திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அத்தோடு பற்றரிக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். ஒரு துளி மின்சாரமும் போகாது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் சிறிய கெசட்டை அறிமுகம் செய்தது. 1979 ஜூலை முதலாம் திகதி ஜப்பானில் வாக்மன் விற்பனைக்கு வந்தது. கெசட் கருவிகளில் பெரும்பாலும் பிளே பொத்தானே சுவிச். அதை அமத்தினால் உள்ளே இரண்டு தகடுகள் தொட்டு மோட்டார் சுற்றும். ஸ்டொப்பை அமத்தினால் தகடுகள் விலகும்.

1977க்குப் பிறகு நாட்டின் இறக்குமதிக் கதவு திறந்தது. மத்திய கிழக்குக்குப் போகிறவர்களும் பெருகினார்கள். நம்ம வாவிக்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு டூ இன் வன் வந்த வழி அதுதான். போன் வசதியில்லாத அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்பினார்கள். முழு வீடும் சுற்றியிருந்து கேட்கும். கேட்டு முடிந்ததும் பிள்ளைகள் திருப்பியும் கேட்பார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு பொறிகள் இருந்தன. ஒன்று போஸ் பொத்தான். அதை அமத்தினால் நாடா நிற்கும். பெரும்பாலான பெட்டிகளில் மோட்டார் நிற்காது. பாட்டு நின்றாலும் பற்றரி கரைந்துகொண்டே இருக்கும். மற்றது ரேடியோ, டேப் என்று தள்ளும் சுவிச். பல பெட்டிகளில் ரேடியோவை நிப்பாட்டத் தனிச் சுவிச் இல்லை. டேப் பக்கம் தள்ளினால்தான் அணையும். சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் படுத்தால் விடியும்போது பற்றரி செத்திருக்கும். ஸ்டாண்ட்பை என்ற சொல்லை நாம் அறியுமுன்பே அந்த நோய் வீட்டுக்குள் இருந்தது.

அதனால்தான் வாப்பா இரவில் படுக்கையிலிருந்தே கேட்பார்: "சுவிச்ச டேப் பக்கம் தள்ளினியா மகன்?"

கஞ்சத்தனம் இல்லை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதைக் கண்டவர் அவர். யுத்த காலத்தில் கரண்ட் இல்லாத இரவுகளில் முஸ்லிம் சேவையும் பிபிசி தமிழோசையும் பற்றரியில்தான் கேட்டன. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நிலைமை இன்னும் மோசம். பற்றரி கொண்டுபோகவே தடையிருந்த காலம் உண்டு. வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். தேய்ந்த பற்றரியை வெயிலில் காய வைத்து இன்னும் ஒரு செய்தி கேட்டவர்களுக்கு, அணைத்தால் அணைந்திருக்க வேண்டும்.

2001 அக்டோபரில் ஐபொட் வந்தது. ஆயிரம் பாட்டுக் கொள்ளும் அந்தப் பெட்டியில் தனி ஓன்-ஓஃப் சுவிச்சே இல்லை. பிளே பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தால் தூங்கும். பின்னால் வந்த மலிவுப் பிளேயர்களிலும், இன்று கையில் இருக்கும் போனிலும் இதே முறைதான். நாம் அமத்தும் பொத்தான் மின்சாரத்தை அறுப்பதில்லை. உள்ளே இருக்கும் சிப்புக்குச் செய்தி சொல்கிறது. அந்தச் செய்தியைக் கேட்க ஒரு மூலை விழித்திருக்க வேண்டும், நேரமும் ஓட வேண்டும். கொஞ்ச மின்சாரம்தான். ஆனால் விடாமல் போகும்.

உங்கள் வீட்டுச் சாமான்களின் பொத்தானைப் பாருங்கள். மேற்பக்கம் திறந்த வட்டத்தின் வாய்க்குள் ஒரு கோடு இருந்தால் அதற்கு ஸ்டாண்ட்பை என்று அர்த்தம். முழு வட்டத்துக்குள் கோடு இருந்தால்தான் உண்மையான சுவிச். சுவரில் செருகும் சாமான்கள் இப்படிச் சும்மா இருந்து குடிக்கும் மின்சாரத்தை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் 1999இலேயே சொன்னது.

பிளேயரைத் திருத்தக் கொண்டுபோனேன். லித்தியம் பற்றரி ஊதிப் போர்டையே வளைத்திருந்தது. சொட்டுச் சொட்டாக அடிமட்டத்துக்கு வடிந்த லித்தியம் பற்றரி வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் பிறகு பழைய நிலைக்கு வராது. கணினியில் செருகினாலும் அடையாளம் காணவில்லை. 'ஸ்டாண்ட்பை' என்றால் தயாராகக் காத்திருத்தல். அது எனக்காகக் காத்திருக்கவில்லை. பிழை என்னுடையது, இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை.

டூ இன் வன்னுக்கு றப்பர் பெல்ட் உருகிப் பசையாகியிருந்தது. அதை மட்டும் மாற்றினோம். நாற்பது வருடத்துக்குப் பிறகு பிளேயை அமத்த, உம்மா வாப்பாவுக்கு சலாம் சொல்லித் தொடங்கினா. அது தப்பியதற்குக் காரணம், வைக்கும்போது வாப்பா பற்றரிகளைக் கழற்றியிருந்தார். இல்லையென்றால் சுவிச் அணைந்திருந்தாலும் அவை கசிந்து அரித்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய பெட்டி இருந்தால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். பழைய போன், பிளேயர் இருந்தால் சில மாதத்துக்கொரு தடவை பாதியளவு சார்ஜ் ஏற்றுங்கள். அதற்கு முன் உள்ளே இருக்கும் குரல்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். செத்த பற்றரியை வாவிக்குள் வீசாதீர்கள். மூத்தம்மாமார் பாடிய கவி, தாலாட்டு, பழைய பயான் கெசட்கள் யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்; இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பதிவாக்குவோம்.

வாப்பாவின் கதைகள் போய்விட்டன. உங்கள் வாப்பாவின் குரலாவது மிஞ்சட்டும்.