தொடுதலுக்கு வகுக்கப்பட்ட விதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தசைகளையும் மூட்டுகளையும் கையால் பிடித்தும் உருவியும் அளிக்கப்படும் மசாஜ் சிகிச்சை பிரிட்டிஷ் மருத்துவர்களிடையே பெருமதிப்புப் பெற்றது. பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்திலிருந்து பரவிய சுவீடிஷ் முறைகளும், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வியர் மிட்சல் வகுத்த ஓய்வுச் சிகிச்சையும் அந்த மதிப்புக்கு வழிவகுத்தன. நோயாளியைப் பல வாரங்கள் படுக்கையிலேயே வைத்து, ஊட்டமான உணவு கொடுத்து, அசைவின்றிக் கிடக்கும் தசைகள் நலிந்துவிடாதிருக்க மசாஜ் செய்வதே ஓய்வுச் சிகிச்சை. இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்குக் கௌரவமான வாழ்வு அமைந்தது. ஆனால் மசாஜ் என்னும் பெயர்ப்பலகையின் மறைவில் பாலியல் தொழில் நடத்திய விடுதிகளும் லண்டனில் பெருகின. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் இதழ் 1894இல் அவற்றை அம்பலப்படுத்தியபோது, மசாஜ் கற்ற பெண்கள் அனைவர்மீதும் ஐயம் படர்ந்தது.

அதே ஆண்டில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் ஆகிய செவிலியர் நால்வர், பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அச்சங்கம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கியது. உறுப்பினருக்கு நடத்தை விதிகளையும் வகுத்தது. மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது. ஆண்களுக்கு உடல் முழுவதுமான மசாஜ் செய்யக் கூடாது, மருத்துவர் தனிப்படக் கேட்டுக்கொள்ளும் அவசர நேர்வுகள் மட்டுமே விலக்கு. மருத்துவ இதழ்களைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. இவ்விதிகள் நோயாளிக்குப் பாதுகாப்பளித்தன என்பதில் ஐயமில்லை. எனினும், அவற்றைக் கூர்ந்து படிப்போருக்கு, ஒழுக்கத்தின் பெயரால் சமூகம் பெண்கள்மீது சுமத்திய பழியிலிருந்து தங்கள் பெயரையும் பிழைப்பையும் காத்துக்கொள்ள அப்பெண்களே எழுப்பிய அரணாகவும் அவை புலப்படும். விளம்பரத் தடையின் நோக்கமும் அதுவே: விடுதிகள் செய்தித்தாள் விளம்பரங்களின் வழியே ஆள் சேர்த்ததால், அந்தப் பத்திகளில் தன் பெயர் இடம்பெறுவதே ஒரு செவிலிக்கு இழுக்காகியிருந்தது.

அந்த அரணுக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. முதல் விதியின்படி நோயைக் கண்டறிவதும் சிகிச்சையைத் தீர்மானிப்பதும் மருத்துவரின் உரிமைகளாயின. அக்காலத்தில் அந்த மருத்துவர் பெரும்பாலும் ஆணாகவே இருந்தார். உடற்கூறு கற்றுத் தேர்வெழுதித் தேறிய பெண், அவர் சொன்னதை நிறைவேற்றும் கையாக மட்டும் நின்றாள். மருத்துவர்களின் நல்லெண்ணம் இன்றிச் சங்கம் நிலைத்திருக்க முடியாது என்பதை அந்நால்வரும் அறிந்திருந்தனர்; அந்தப் பேரத்தில் அவர்களைக் குறை கூற இடமில்லை.

ஆண்களைப் பற்றிய விதியை முதல் உலகப் போர் தளர்த்தியது. 1914இல் ஐம்பது பெண்களுடன் தொடங்கிய அல்மெரிக் பேஜெட் இராணுவ மசாஜ் படையின் பணியே காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளிப்பதுதான். பெண்ணின் கை ஆணின் உடலைத் தொடுவது அங்கே அன்றாட மருத்துவப் பணியாயிற்று. 1920இல் சங்கத்திற்கு அரச சாசனம் கிடைத்தது. அதன்பின் ஆண்களும் உறுப்பினராயினர். 1940களில் அது பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம், என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது.

முதல் விதியோ எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. சிகிச்சையின் தன்மையையும் கால அளவையும் தீர்மானிக்கும் தகுதி இயன்முறை மருத்துவருக்கு உண்டு என்பதைப் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை 1977ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் ஏற்றது. அன்றுமுதல் இத்தொழிலின் அறம் கீழ்ப்படிதலில் ஊன்றி நிற்கவில்லை. தன் திறனின் எல்லையை அறிதல், அந்த எல்லைக்கு அப்பாற்பட்ட நோயாளியை உரியவரிடம் அனுப்புதல், தொடுவதற்கு முன் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறுதல், செய்ததைப் பதிவு செய்தல் ஆகிய பொறுப்புகள் சிகிச்சையாளரையே சார்ந்தன. பிழை நேர்ந்தால் மருத்துவரின் கையெழுத்துக்குப் பின்னால் ஒதுங்கும் வழியும் அடைபட்டது. இது 1894இன் விதிகளைவிடக் கடினமான ஒழுக்கம். நோயாளியின் நலனை நேரடியாக முன்னிறுத்துவதும் இதுவே.

விதிகளுக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது தாமதமாகத்தான். சங்கத்தால் தன் உறுப்பினரை நீக்க முடிந்ததே தவிர, உறுப்பினரல்லாதவரைத் தடுக்க முடியவில்லை. மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அரசுப் பதிவேட்டை உருவாக்கியது. ஆனால் 'அரசுப் பதிவு பெற்ற' என்ற அடைமொழியை மட்டுமே அது காத்ததால், தனியார் தொழிலில் பயிற்சியற்ற எவரும் தம்மை பிசியோதெரபிஸ்ட் என்று அழைத்துக்கொள்ள முடிந்தது. 2001ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் ஆணையின் கீழ்தான் அத்தொழிற்பெயர் முழுமையாகச் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது; பதிவேட்டில் இல்லாதவர் அதைப் பயன்படுத்துவது குற்றமாயிற்று. மசாஜ் செய்பவர் என்ற பெயருக்கோ பிரிட்டனில் இன்றும் அத்தகைய பாதுகாப்பு இல்லை.