அறுவை அரங்கில் செவிலியர் – ஒரு வரலாற்றுப் பார்வை

யூபிலி மலரில் கோயில் எழுந்த வரலாறும் பங்குக் குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு, நம் இல்லங்களிலிருந்து செவிலியர் பணிக்குச் செல்லும் பெண்மக்கள் கடந்து வந்த பாதையையும் நினைவுகூர்வது தகும். அப்பணியில் மேற்படிப்பு என்பது எளிதில் கிட்டியதன்று.

தடை நீங்கிய வரலாறு

துறவறச் சகோதரியர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது தொன்றுதொட்டு வந்த வழக்கமே. ஆயினும் அவர்கள் மருத்துவராகப் பணியாற்றவும், அறுவை சிகிச்சை செய்யவும், பேறுகாலம் பார்க்கவும் திருச்சபைச் சட்டம் தடையாக நின்றது. ஆண் மருத்துவர் முன் வரக்கூடாத வழக்கத்தால் பெண்கள் பிரசவத்தில் மாண்டதை அறிந்து உள்ளம் நொந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன். அவர் முயற்சியால் 1909-இல் ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை எழுந்தது. தடையை நீக்குமாறு ரோமாபுரிக்கு விண்ணப்பித்த அவர், 1913-இல் அது நிறைவேறக் காணாமலே மறைந்தார்.

அவர் வழிவந்த ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் பணியாற்றிய பின் 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரியர் சபையை நிறுவினார். 1936-இல் ரோமாபுரி தடையை நீக்கிற்று.

நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனை 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கியது. 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. 1959-இல் டில்லியில் முதுகலைப் படிப்பும் தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாத பணி

அறுவை என்றதும் டாக்டரின் கத்தியே நம் நினைவுக்கு வருகிறது. கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மைப்படுத்துவதும், தையல் போடுமுன் பஞ்சையும் கருவியையும் எண்ணிச் சரிபார்ப்பதும், மயக்கம் தெளியுமட்டும் மூச்சையும் நாடியையும் கவனிப்பதும் செவிலியரே. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அரங்குக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்குமுன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என மூன்று முறை நின்று, பெயர் முதல் பஞ்சுக் கணக்கு வரை உரக்கக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டில்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதித்தபோது, உயிரிழப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இம்முடிவு 2009-இல் வெளியாயிற்று.

நம் மலைச்சரிவில்

உலக மக்களில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, தாங்கக்கூடிய செலவிலான அறுவை சிகிச்சை எட்டாத நிலை உள்ளதென 2015-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. சிசேரியன், வயிற்று அறுவை, வெளியே தெரியும் எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் செய்யவல்ல மருத்துவமனை, இரண்டு மணி நேரத்தில் அடையும் தொலைவில் இருக்க வேண்டும் என்றும் அது கூறிற்று.

இரண்டு மணி நேரம் என்பதன் பொருள், ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று திரும்பும் நமக்கு நன்கு புரியும். மூடுபனியிலும் மழையிலும் போடிமெட்டு வளைவுகளில் இறங்குவது எளிதன்று. ஜீப் போகாத இடங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்ததை நம் முதியோர் அறிவர். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கினர். ஊர் மக்களும் மீட்கச் சென்றனர். தீக்காயமுற்றோர் போடிக்கும் தேனிக்கும், பின் மதுரைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய வேளையில் முதலில் நோயாளியின் கையைப் பிடிப்பவர் பெரும்பாலும் ஒரு செவிலியரே. யாரை உடனே அனுப்புவது, இரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது, வழியில் என்ன கொடுப்பது என்பதை அவர் அறிந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரம் வீணாகாது. இரத்தம், ஆக்சிஜன், சாலை, செலவு யாவற்றையும் சேர்த்து ஆராயும் உலகளாவிய அறுவை மருத்துவம் இன்று தனிப் பட்டப்படிப்பாகவே வளர்ந்துள்ளது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் போன்றவை இதனைக் கற்பிக்கின்றன.

'நர்ஸ் வேலைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?' என்ற கேள்வி நம்மிடையே இன்னும் எழுகிறது. திருமணச் செலவுக்குக் கடன் வாங்கத் தயங்காத நாம், மேற்படிப்புக்குத் தயங்குகிறோம். மக்லாரன் அம்மையார் காணாது மறைந்த நாளை நம் பெண்மக்கள் கண்டுவிட்டார்கள். அவர்கள் மேலும் படிக்க விரும்பினால், பங்காக நாம் துணைநிற்போம். அந்தக் கல்வி என்றாவது ஒரு நாள் இச்சரிவிலே நம்மவர் ஒருவரின் உயிரைக் காக்கும்.