எழுநூறு என்னும் எண்

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் 605ஆம் எண் விமானம், எச்.ஏ.எல். நிலையத்தின் ஓடுபாதையை எட்டுமுன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்து எரிந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். நல்ல பகல் வெளிச்சம். வானத்தின்மீது பழிபோட வழியில்லை. அந்த ஏர்பஸ் ஏ-320, இந்தியாவுக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத புதுவகை.

இறங்குகையில் விமானி வேண்டியது, நிமிடத்துக்கு 700 அடி என்ற இறங்குவேகம். அதற்கொரு திருகு, அடைய வேண்டிய உயரத்துக்கு அதன் பக்கத்திலேயே இன்னொன்று. சக விமானி கை மாறி, உயரத் திருகில் 700ஐ வைத்திருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த வலுவான ஊகம். பெங்களூரின் தரையே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி. அப்படியானால் அந்தக் கணினிக்குச் சொல்லப்பட்ட இலக்கு, நிலத்துக்கு அடியில் இரண்டாயிரம் அடிக்கும் கீழே இருந்தது! எட்டவே முடியாத இலக்கை நோக்கி இறங்கும்போது எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையிலேயே கிடக்கும். பாதையைத் தக்கவைக்க மூக்கை உயர்த்தியதும் வேகம் 132 நாட்டிலிருந்து 106க்குச் சரிந்தது. பழைய விமானங்கள் பலவற்றில் தானியங்கி விசையை மாற்றினால் கைப்பிடியும் கூடவே அசையும்; கை அதை உணரும். ஏ-320இல் அது அசையாது. முழுவிசை கொடுத்தபோது எஞ்சின் விழித்தெழத் தேவையான சில விநாடிகள் மிச்சமில்லை.

நீதிபதி சிவசங்கர் பட் தலைமையிலான விசாரணை, உயர எச்சரிக்கைகள் ஒலித்தும் விசையைக் கூட்டாத விமானிகளையே முதன்மைக் காரணமாகக் கண்டது. மறுப்பதற்கில்லை. ஆனால் இறந்தவர்களின் கை தவறியது என்று எழுதி முடிப்பது எளிது. அந்தக் கையருகே இரு திருகுகளை வைத்தவர் யார் என்று கேட்பது கடினம். எண்ணூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் இரவுமுறை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காமலிராது.

1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே, அதே வகை விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தனர். 3.3 பாகை என்று எண்ணி வைத்த எண், நிமிடத்துக்கு 3,300 அடி என்று கணினிக்குப் பொருள்பட்டிருக்கக்கூடும். ஒரே சாளரம் இரண்டையும் காட்டியது; புள்ளி ஒன்றுதான் வேறுபாடு. அதன்பிறகு இறங்குவேகத்தை நான்கு இலக்கங்களில் முழுமையாகக் காட்டும்படி சாளரத்தை மாற்றினார்கள்.