மண்ணெண்ணெயில் ஓடிய காலமும் ஒரு நல்லூர் மெக்கானிக்கும்

நல்லூர் இராசதானியின் வரலாற்றை எழுதியவர்கள் மன்னர்களின் பெயர்களை வரிசைப்படுத்தித் தந்திருக்கிறார்கள். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசின் கைவினைஞர்களை நூல்களில் தேடிக் காண்பது அரிது. கன்னாதிட்டி, தட்டாதெரு என்னும் இடப்பெயர்களே கன்னாரும் தட்டாரும் இங்கு தொழில் செய்தமைக்குச் சாட்சியாக எஞ்சியுள்ளன. அண்மையில் நல்லூரில் காலமான ஒரு மோட்டார் மெக்கானிக்கின் மரணவீட்டில் நின்றபோது இந்த எண்ணமே எனக்குள் எழுந்தது. குடும்பத்தார் விளம்பரத்தை விரும்பாதவர்கள். ஆதலால் பெயரைத் தவிர்க்கிறேன். ஊரில் அனைவருக்கும் அவர் ‘மாஸ்ரர்’.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி முதலியன தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், பல மடங்கு விலையில் கிடைத்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

இதனைத் தடைக்காலத்தின் புதிய கண்டுபிடிப்பாகப் புலம்பெயர்ந்த நண்பர்கள் பெருமையுடன் சொல்வதுண்டு. மாஸ்ரர் அதனை ஏற்கமாட்டார். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்று நீர் இறைத்த எங்கள் கமக்காரர்கள், பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரங்களை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஃபெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் இவ்வாறே ஓடியது. “தோட்டக்காரனிட்டைப் படிச்சதைத்தான் ரோட்டிலை செய்தனாங்கள்” என்பார்.

குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மாற்றவேண்டும். அழுத்தம் கூடிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். எரியாத எண்ணெய் கீழிறங்கி, உராய்வெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். இவ்விடத்தில் வரலாற்றின் ஒரு விசித்திரம் கைகொடுத்தது. 1960களிலும் 70களிலும் இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் யாழ்ப்பாணத்தார் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைக் கைவிடாது பேணிவந்தனர். அழுத்தம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்களே மண்ணெண்ணெயைத் தாங்கின. ஒரு காலத்தின் வறுமை இன்னொரு காலத்துக்கு உதவியது.

அக்காலத்தில் நான் ஒரு நாளிதழில் சேர்ந்த இளம் செய்தியாளன். பத்திரிகைத் தாள் கிடைக்காமல், கோடிட்ட கொப்பித் தாள்களிலும் பத்திரிகை அச்சான நாட்கள் அவை. அச்சு இயந்திரத்துக்கு மின்சாரம் தந்த ஜெனரேற்றர் நள்ளிரவில் நின்றுவிட்டால், ஒருவர் சைக்கிளில் மாஸ்ரரின் வீட்டுக்கு ஓடுவார். சாரத்தை மடித்துக் கட்டியபடி அவர் வருவார். விடியுமுன் பத்திரிகை வெளியாகும். அந்தப் பத்திரிகையில் நான் எறிகணை வீச்சுகளை எழுதினேன், பேச்சுவார்த்தைகளை எழுதினேன். அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

பாடசாலையை இடைநிறுத்திய பையன்கள் அவரது கொட்டிலுக்கு வருவார்கள். அவர் பணம் வாங்கியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: ஒவ்வொருவரும் கொப்பி கொண்டுவர வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பகுதியையும் வரைந்து, அதன் வேலையைத் தமிழில் எழுதிய பின்னரே பூட்ட விடுவார். ஆறு மணிக்குக் கொட்டிலைப் பூட்டிவிட்டு, ஜாம் போத்தல் விளக்கின் முன் படிக்கும் தம் இரு பெண்பிள்ளைகளுக்கு அருகில் அமர்ந்துகொள்வார். அவர்களுடைய கணக்குக் கொப்பியில் கிறீஸ் கறை பட்டுவிடாமல் சவர்க்காரமின்றிச் சாம்பலால் கை தேய்ப்பது அவரது வழக்கம் என்று மனைவி சொன்னார்.

1995 அக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழையில், செம்மணி வெளியின் நெரிசலில் அவரைக் கண்டேன். சைக்கிள் பாரில் இளைய மகள்; பின்னால் சாவிப் பெட்டி. மாணவர்களின் கொப்பிகள் கொட்டிலிலேயே தங்கிவிட்டன. 1996இல் திரும்பியபோது கொட்டிலின் கூரையும் இல்லை, கொப்பிகளும் இல்லை. அவர் கூரையை மட்டும் பலமுறை பேசினார்; கொப்பிகளைப் பற்றிப் பேசியதேயில்லை.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது இளைஞர்கள் சிலர் அவரைத் தேடிவந்து பழைய வித்தையைக் கேட்டார்கள். கணினியால் எரிபொருளை உட்செலுத்தும் இன்றைய இயந்திரத்தை அது கெடுத்துவிடும் என்று மறுத்துவிட்டார். அத்துடன், அந்தக் காலத்தைக் கெட்டித்தனமாகப் பேசுவது தமக்குப் பிடிக்காது என்றும் சொன்னார். மருந்தும் வாகனமும் இன்றி வீட்டிலேயே இறந்தவர்களை அவர் அறிவார். நள்ளிரவில் தாம் ஓடவைக்க முயன்றும் ஓடாத கார்களை அவர் மறக்கவில்லை.

மரணவீட்டுக்கு ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அவருடைய மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களும் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். கொப்பியில் எழுதியவற்றுள் எது நினைவிருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் என் குறிப்பேட்டை வாங்கி, ஒரு காபிறேற்றரை வரைந்து, பகுதிகளின் பெயர்களைத் தமிழில் எழுதித் தந்தார். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் இத்தகைய ஒருவர் இருந்திருப்பார். அவரிடம் தொழில் பயின்றவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். முப்பது ஆண்டுகள் தாமதித்து எழுதுகிறவனின் வேண்டுகோள் இது.