அமெரிக்க மகளிர் கோல்ப் கிண்ணத்தின் கதை



கோல்ப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது துரைமார்களின் கிளப்பும், அவர்கள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நம் பிள்ளைகளும்தாம். சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழச் செய்யும் ஆட்டம் அது. ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெறுவார். இந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட பெண்களுக்கென்று அமெரிக்காவில் தோன்றிய ஒரு போட்டியின் வரலாற்றை இன்று பார்ப்போம். அதற்கு அமெரிக்க மகளிர் ஓப்பன் என்று பெயர்.

ஆண்களுக்கான அமெரிக்க ஓப்பன் 1895-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் பெண்களுக்கும் ஒரு போட்டி நடந்தது. ஆனால் அது பணம் வாங்காமல் பொழுதுபோக்காக ஆடும் சீமாட்டிகளுக்கு உரியது. ஆக, பெண் விளையாடுவதற்கு அங்கே தடை இருக்கவில்லை. விளையாடிக் கூலி வாங்குவதற்குத்தான் இடமில்லை. அந்த இடம் கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

1944-இல் ஹோப் செய்னியஸ் என்னும் பெண்மணி, தம் குடும்பத்துப் பணத்தையும் போட்டு, பெண் கோல்ப் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் கண்டார். ஆம், அவர்களைத் தொழிலாளர் என்றே நாம் சொல்லலாம். 1946-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் முதல் மகளிர் ஓப்பன் நடந்தது. பரிசுத் தொகை மொத்தம் 19,700 டாலர். அதைக் கொடுத்தது அவ்வூரிலிருந்த ஒரு மனமகிழ் மன்றம். காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களில் அந்த மன்றத்துக்கு நல்ல வருமானம் இருந்தது! முதல் கிண்ணத்தை வழங்கியதும் அதே மன்றம்தான். இறுதி ஆட்டத்தில் பெட்டி ஜேம்சனை வென்று அதைப் பெற்றவர் பேட்டி பெர்க். அவருடைய பங்கான 5,600 டாலர் யுத்தக் கடன் பத்திரங்களாகவே கைக்கு வந்தது.

மறு ஆண்டே பரிசுப் பணம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஆண்டு வென்றவர், முன்பு தோற்ற அதே பெட்டி ஜேம்சன். நான்கு சுற்றுகளையும் 295 அடிகளில் முடித்தார். இவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

செய்னியஸ் அம்மையாரின் சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1950-இல் பதின்மூன்று பெண்கள் கூடிப் புதிய சங்கம் அமைத்தார்கள். திடலை ஆயத்தம் செய்வது, கணக்கு எழுதுவது, விதிகளைப் பார்ப்பது எல்லாம் ஆட்டக்காரிகளின் தலையிலேயே விழுந்தது. 1953 முதல் மகளிர் ஓப்பனை அமெரிக்க கோல்ப் சங்கம் ஏற்று நடத்தத் தொடங்கியது. 1954-இல் பேப் சகாரியாஸ் என்பவர், புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மறு ஆண்டில் களமிறங்கி, 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார்.

இனி 1957-ஆம் ஆண்டுக்கு வருவோம். நாம் இக்கதையைச் சொல்ல வந்ததே இதற்காகத்தான்.

ஜாக்கி பங் என்பவர் ஹவாய்த் தீவுக்காரர். நல்ல உடற்கட்டு, சிரித்த முகம். வென்றால் தம் தீவின் ஹூலா நடனத்தை ஆடிக் காட்டுவார். 1953-இல் மகளிர் ஓப்பனில் பெட்சி ரால்ஸுடன் சமநிலையில் நின்று, அடுத்து வைத்த தனிச் சுற்றில் தோற்றிருந்தார். 1957-இல் நியூயார்க் அருகே விங்டு ஃபுட் திடலில் அவருடைய மொத்தம் 298. பெட்சி ரால்ஸுக்கு 299. ஓர் அடியில் வெற்றி ஜாக்கிக்கு.

கோல்பில் ஒரு வழக்கம் உண்டு. நம் கணக்கை நாமே எழுதுவதில்லை. உடன் ஆடுகிறவர் எழுதுவார், நாம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஜாக்கியுடன் ஆடியவர் பெட்டி ஜேம்சன். நான்காவது குழியில் இருவருமே ஆறு அடி அடித்தார்கள். ஒருவர் மற்றவருக்கு எழுதியதோ ஐந்து! இருவரும் கவனிக்கவில்லை. கீழே கூட்டுத்தொகை 72 என்று ஜாக்கிக்குச் சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் விதி கூட்டுத்தொகையைப் பார்ப்பதில்லை. குழிவாரியாக எழுதிய எண்ணைத்தான் பார்க்கிறது. அடித்ததைவிடக் குறைவான எண்ணில் கையெழுத்திட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். இருவரும் நீக்கப்பட்டார்கள். கிண்ணமும் 1,800 டாலர் முதல் பரிசும் பெட்சி ரால்ஸிடம் சென்றன.

பால் நிறுக்கும் இடத்தில் கிராணியின் பேனா எழுதிய எண்தான் சம்பளம் என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் இலாபமும் இல்லை. பெட்சி ரால்ஸையும் குறை சொல்ல முடியாது. அவர் விதிகளை நன்கு கற்றவர். விதி கொடிது என்றே எங்களுக்குப் படுகிறது. எனினும் அது எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது.

அன்று விங்டு ஃபுட் கிளப்பின் உறுப்பினர்களும் மற்றவர்களும் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். சேர்ந்த தொகை முதல் பரிசைவிட அதிகம். அதை ஜாக்கியிடம் கொடுத்தார்கள். கிண்ணத்தை மட்டும் யாராலும் கொடுக்க முடியவில்லை.

இப்போது வழங்கப்படும் கிண்ணம், 1970-களில் அமெரிக்க கோல்ப் சங்கத்தின் தலைவராயிருந்த ஹார்ட்டன் செம்பிள் என்பவரின் பெயரைத் தாங்கியது. அவர் மகள் கேரலும் புகழ்பெற்ற ஆட்டக்காரிதான். ஆனால் கடைசிவரை பணத்துக்காக ஆடாதவர். 2022-இல் ஆஸ்திரேலியாவின் மின்ஜி லீ அக்கிண்ணத்துடன் பெற்ற பரிசு 18 இலட்சம் டாலர். 1957-இன் முதல் பரிசைப் போல் சரியாக ஆயிரம் மடங்கு.

ஜாக்கி பங் பின்னர் ஹவாயில் கோல்ப் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். 2017-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். வெற்றியாளர் பட்டியலில் 1957-க்கு நேரே இருப்பது பெட்சி ரால்ஸின் பெயர்.