புஸ்ஸி: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் செஞ்சி நாடும்

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், தேசூரை அடுத்துள்ள சீயமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. இன்று தூணாண்டார் கோயில் என வழங்கும் அதன் தூணொன்றில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு, அதைச் செய்வித்தவனை லளிதாங்குரன் என்னும் விருதுப்பெயராலும், கோயிலை அவனுடைய இன்னொரு விருதுப்பெயரைத் தாங்கிய அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும் குறிக்கிறது. ஆள்வோனின் பெயர் கோயிலுக்கும் ஏரிக்கும் ஊருக்கும் சூட்டப்பெறுவது தொண்டை நாட்டில் பழைய வழக்கம். மகேந்திரவாடியும், செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் உள்ள சத்துருமல்லேசுவரமும் அவ்வழக்கின் பிற சான்றுகள். ஏறத்தாழ பதினொன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், இதே நிலப்பரப்பின் இரு முனைகளிலும் ஒரு பிரெஞ்சுப் படைத்தலைவனின் வாழ்க்கை திசைமாறியது. 1750-இல் செஞ்சியில் அவன் புகழ் தொடங்கிற்று. 1760-இல் வந்தவாசியில் அவன் சிறைப்பட்டான். புஸ்ஸி என்று தமிழில் வழங்கும் அவனது பெயர் பிரான்சில் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இங்கு வந்தது, இன்று எங்கெல்லாம் எஞ்சியிருக்கிறது என்னும் வரலாறு, குடும்பப் பெயர் என்னும் அமைப்பையே விளங்கிக்கொள்ள உதவுகிறது.

முதலில் அறிய வேண்டியது, புஸ்ஸி என்பது அவனுடைய குடும்பப் பெயரே அன்று என்பதுதான். 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாரிசுக்கு வடகிழக்கே சுவாசோன் நகரத்தின் அண்மையில் பிறந்த அவனது முழுப்பெயர் ஷார்ல் ழோசெப் பத்திசியே. பத்திசியே என்பது, மாவுப் பண்டங்களைச் சுட்டு விற்பவரைக் குறிக்கும் தொழிற்பெயர். கொல்லர், தச்சர், ஆலைக்காரர் முதலியோரின் தொழிற்பெயர்கள் இடைக்காலப் பிரான்சில் பரம்பரைப் பெயர்களாக உறைந்தபோது அதுவும் அவ்வாறே உறைந்தது. உயர்குடியினர் தத்தம் நிலவுடைமையின் பெயரை, 'உடைய' என்னும் பொருள்பட நிற்கும் 'தெ' என்னும் இடைச்சொல்லோடு இணைத்து வழங்கினர். நாளடைவில் அந்நிலப்பெயரே முன்னின்று, குடும்பப் பெயர் மறைந்துபோவதும் உண்டு. பத்திசியே பின்னாளில் 'மார்க்கி தெ புஸ்ஸி-கஸ்தெல்னோ' எனப் பட்டத்தோடு அறியப்பட்டதும் இம்முறையில்தான். இப்பெயரால் புகழ்பெற்ற மற்றவர்களும் இதே நிலையினரே: பதினாறாம் நூற்றாண்டின் வாள்வீரன் புஸ்ஸி தாம்புவாசின் குடும்பப் பெயர் கிளெர்மோன்; பதினேழாம் நூற்றாண்டின் எழுத்தாளர் புஸ்ஸி-ரபுத்தேனின் குடும்பப் பெயர் ரபுத்தேன். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று குடும்பத்தினர், தாம் உடைமையாகக் கொண்ட இடங்களின் பெயரால் ஒரே பெயரினராக வரலாற்றில் நிற்கின்றனர்.

புஸ்ஸி என்னும் ஊர்ப்பெயர் ரோமானியர் காலத்துக் கோல் நாட்டிலிருந்து வந்தது. அங்கே ஒருவருக்கு உரிய பண்ணையைக் குறிக்க, உடையவரின் பெயரோடு கெல்ட்டிய மூலமுடைய 'ஆகும்' என்னும் ஈற்றைச் சேர்ப்பர். அவ்வீறு பிரான்சின் தென்பகுதியில் 'அக்' எனவும், வடபகுதியில் 'இ' எனவும் தேய்ந்தது. ஒரேலியாகும் என்னும் ஒரே வடிவம் தெற்கே ஒரியாக் நகரமாகவும், பாரிசை அடுத்து விமான நிலையத்தால் அறியப்படும் ஓர்லியாகவும் ஆனது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புஸ்ஸியின் முற்பகுதியைப் புக்கியுஸ் என்னும் இலத்தீன் ஆட்பெயராகக் கொள்வோரும், புக்சுஸ் எனப்படும் சிற்றிலைப் புதர்மரத்தின் பெயராகக் கொள்வோரும் உளர். எவ்வாறாயினும், இத்தகைய பண்ணைகள் பல இடங்களில் தனித்தனியே இருந்தமையால், புஸ்ஸி-சேன்-ழோர்ழ், புஸ்ஸி-லெ-கிரான், புஸ்ஸி-ஆன்-ஓத் எனப் பல ஊர்கள் இன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளன. அவ்வூர்களிலிருந்து வேற்றூருக்குக் குடிபெயர்ந்த உழவரையும் கைவினைஞரையும் புதிய ஊரார் 'புஸ்ஸிக்காரர்' என்று அழைக்க, அதுவே அவர்கள் வழியினருக்குக் குடும்பப் பெயராயிற்று. எனவே இப்பெயரினர் அனைவரும் ஒரே முன்னோரின் வழியினர் அல்லர். 'தெ' சேர்ந்துள்ளதனால் மட்டும் உயர்குடியினரும் அல்லர். இசையமைப்பாளர் குளோது தெபுஸ்ஸியின் முன்னோர் பர்கண்டி நாட்டு உழவர்கள். அவரும் இளமையில் 'தெ புஸ்ஸி' என்று பிரித்துக் கையெழுத்திட்டதுண்டு.

இவ்வாறு வாய்மொழியாக வளர்ந்த பெயர்களை அரசு தன் பதிவேட்டில் கட்டியது படிப்படியாக நிகழ்ந்த செயல். 1539-இல் வில்லேர்-கோத்ரே அரசாணை, பங்குக் குருமார் குழந்தைகளின் திருமுழுக்கைப் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. 1792-இல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவு திருச்சபையிடமிருந்து நகராட்சிக்கு மாறியது. 1794-ஆம் ஆண்டுச் சட்டம், பிறப்புச் சான்றில் உள்ள பெயரைத் தவிர வேறெதையும் குடிமகன் தாங்கலாகாது என்றது. இவற்றுக்கிடையே, 1790 ஜூன் 19 அன்று புரட்சியின் தேசியப் பேரவை பரம்பரைப் பட்டங்களை ஒழித்து, ஒவ்வொருவரும் தம் உண்மையான குடும்பப் பெயரையே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. பேச்சாளர் மிராபோ அதனால் நாளிதழ்களில் வெறும் 'ரிக்கெத்தி' ஆனார். புஸ்ஸி இந்த ஆணைக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1785 ஜனவரியில், புதுச்சேரியில் இறந்துவிட்டான்; உயிரோடிருந்திருப்பின் அவன் குடிமகன் பத்திசியே என்றே எழுதப்பட்டிருப்பான்.

அப்பெயரைத் தென்னிந்தியாவில் நிலைநாட்டியது செஞ்சிக் கோட்டை. கர்நாடக நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்ட காலத்தில், முன்னவரை ஆதரித்த புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, திருவதிகையை அடுத்த போரில் தோற்ற முகமது அலியின் படை செஞ்சியில் ஒதுங்கியதை அறிந்து, ஏறத்தாழ 250 ஐரோப்பியரும் 1,200 சிப்பாய்களும் நான்கு பீரங்கிகளும் கொண்ட முன்னணிப் படையோடு புஸ்ஸியை அனுப்பினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்த அக்கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படை ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டே கைப்பற்ற முடிந்தது. 1750 செப்டம்பர் 11 அன்று வெளியே நின்ற படையைச் சிதறடித்த புஸ்ஸி, இருட்டியபின் வெடிமருந்து நிரப்பிய கலத்தை வாயிற்கதவில் பொருத்தித் தகர்த்து ஊருக்குள் நுழைந்தான். மூன்று குன்றுகளிலிருந்தும் இரவெல்லாம் குண்டுகள் பொழிந்தன. நிலவொளியில் தம் அசைவு மேலிருப்போருக்குத் தெரியும் என்பதால், பிரெஞ்சுக்காரர்கள் நிலவு மறையும்வரை பீரங்கிகளால் விடையளித்துக் காத்திருந்து, பின்னர் தேர்ந்தெடுத்த வீரர்களை மூன்று அணிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் மூன்று குன்றுகளிலும் ஏற்றினர். 12-ஆம் நாள் விடியலில் ராஜகிரியும் அவர்கள் கையில் இருந்தது. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் பணியும்வரை பத்தாண்டுகளுக்கு மேல் செஞ்சி பிரெஞ்சுக் காவலில் நின்றது.

செஞ்சியில் கிடைத்த பெயரோடு 1751-இல் தக்காணம் சென்ற புஸ்ஸி, நிஜாம் முசாபர் ஜங் கொல்லப்பட்டதும் சலாபத் ஜங்கை நிஜாமாக்கி, ஐதராபாத்தில் ஏழாண்டுகள் அரசியலை நடத்தினான். 1757 ஜனவரியில் நடந்த பொப்பிலிப் போரின் வாயிலாகத் தெலுங்கு நாட்டுக் கதைப்பாடல்களில் அவன் பெயர் இடம்பெற்றது. அங்கே அது கோட்டையை அழித்தவனின் பெயர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியால் திரும்ப அழைக்கப்பட்டு, 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் குதிரை சுடப்பட்டு வீழ்ந்து, ஆங்கிலத் தளபதி அய்ர் கூட்டின் படையிடம் சிறைப்பட்டான். 1783-இல் முதுமையும் நோயும் சூழ மீண்டும் இந்தியா வந்து கடலூரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றதே அவனது கடைசிப் போர்.

அவனது பெயர் புதுச்சேரியில் ஒரு வீதிக்கு இடப்பட்டது. கடற்கரையிலிருந்து மேற்கே செல்லும் அவ்வீதி, வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்காலைக் கடந்து போகிறது. புதுச்சேரி இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் அவ்வீதி லால் பகதூர் சாஸ்திரி வீதி எனவும், டூப்ளே வீதி ஜவகர்லால் நேரு வீதி எனவும் பெயர்மாற்றம் பெற்றன; ஆயினும் பேச்சுவழக்கில் புஸ்ஸி வீதி நீடித்தது. புஸ்ஸி என்னும் பெயரில் புதுச்சேரிச் சட்டப்பேரவைத் தொகுதியும் ஒன்று இருந்தது.

பிரெஞ்சுக் குடும்பப் பெயர் தமிழரிடம் சேர்ந்த வழி இன்னொன்றும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தையோ ஊர்ப்பெயரையோ முன்னே கொண்டு, தலைமுறைதோறும் மாறிவரும் தமிழர் பெயர்முறைக்கும், மாறாமல் இறங்கிவரும் ஒற்றைக் குடும்பப் பெயரைக் கோரும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கும் இயல்பிலேயே இசைவில்லை. 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் எச்சமயத்தாராயினும் தத்தம் சாதி, சமய வழக்காறுகளின்படி திருமணத்தையும் வாரிசுரிமையையும் நடத்தும் தனிநிலையைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழிசெய்தது. அவ்வாறு துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அத்துறவு திரும்பப் பெறவியலாதது. துறப்பவர் தம் வழியினர் தாங்குவதற்கென ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்து பதிய வேண்டும். சிலர் பிரெஞ்சுப் பெயர்களை ஏற்றனர். சிலர் தந்தையின் தமிழ்ப் பெயரையே உறையச் செய்தனர். துறந்தவர்களுள் முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிசின் உச்ச முறையீட்டு மன்றம்வரை வழக்காடி வென்ற அவர், பின்னர் கொண்ட குடும்பப் பெயர் லா போர்த். 'வாயில்' என்பது அதன் பொருள். சாதிப் பட்டத்தைக் களைந்து சமமான குடிமகனாதலே இத்தகையோர் நோக்கமாதலின், புதிய பெயர் அவர்களுக்கு அரசியல் உரிமையின் அடையாளமாயிற்று.

1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்தோர் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்யலாம் என்னும் விதி இருந்தது. அவ்வாறு தெரிவுசெய்தவர்களின் வழியினரும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு திரும்பி, ஊரார் வாயில் 'சொல்தா' என வழங்குவோரும் இன்றும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களோடு புதுச்சேரியில் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் பிறக்கும் குழந்தைகளின் பதிவு, வெளிநாடுகளில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அனைவரின் பதிவையும் போலவே, நாந்த் நகரத்திலுள்ள நடுவண் குடிமைப் பதிவகத்தைச் சேர்கிறது.

ஒரு குடும்பப் பெயர் எவ்வளவு அருகியது என்பதைக் கணிக்கப் பிரான்சில் வழங்கும் அளவுகோல், தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே தொகுத்த பெயர்க்கோப்பு. 1891 முதல் 2000 வரை பிரான்சில் நிகழ்ந்த பிறப்புகளைப் பத்தாண்டு வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் அது எண்ணுகிறது; மிகச் சிலரே தாங்கும் பெயர்கள் அதில் தனியே காட்டப்படாமல் 'பிற பெயர்கள்' என்னும் ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. பல லட்சம் பெயர்கள் வழங்கும் அந்நாட்டில் முதலிடம் பெறுவது, புதுச்சேரியைத் தோற்றுவித்த பிரான்சுவா மர்த்தேனின் குடும்பப் பெயரான மர்த்தேன். அதனோடு ஒப்பிடத்தக்க பெருவழக்கு புஸ்ஸிக்கு இல்லை; அது பலவிடங்களில் சிறுசிறு கிளைகளாகத் தோன்றி, புசி, தெபுஸ்ஸி எனப் பல எழுத்து வடிவங்களில் பிரிந்து நிற்கும் பெயர். மேலும், இக்கோப்பு பிரான்சின் மண்ணில் நிகழ்ந்த பிறப்புகளை மட்டுமே எண்ணுவதால், புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடும்பத்தாரின் பெயர்கள் அதன் கணக்கில் வாரா. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் பெயரையும் பிள்ளைக்கு இடலாம் என்று 2005 முதல் வழிவிட்டதும், 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வயதுவந்தோர் எளிதில் தந்தை பெயரிலிருந்து தாய் பெயருக்கு மாறலாம் என்றதும், அருகிய பெயர்கள் முற்றும் அற்றுப்போகாமல் இருக்கப் புதிய வாய்ப்பளித்துள்ளன.

தமிழ்நாட்டிலோ இப்பெயர் பதிவேட்டுக்கு வெளியே பெருகிற்று. 2006-இல் புஸ்ஸி தொகுதியிலிருந்து புதுச்சேரிச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட என். ஆனந்த், தொகுதிப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே கொண்டு 'புஸ்ஸி ஆனந்த்' ஆனார். தொகுதி மறுசீரமைப்பில் அத்தொகுதி மறைந்த பின்னரும், 2024-இல் தொடங்கப்பட்ட தமிழக வெற்றிக் கழகத்தின் பொதுச் செயலாளராக அவர் அப்பெயராலேயே நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் அறியப்பட்டார். கோல் நாட்டுப் பண்ணையொன்றின் பெயர் ஊர்ப்பெயராகி, நிலவுடைமையின் பெயராய்ப் பத்திசியே குடும்பத்தின் மேல் படிந்து, அக்குடும்பத்துப் படைத்தலைவனோடு செஞ்சிக்கு வந்து, புதுச்சேரியில் வீதிக்கும் தொகுதிக்கும் ஆகி, இறுதியில் தமிழர் ஒருவரின் பெயருக்கு முன்னொட்டாயிற்று. இக்கடைசி மாற்றத்தை நிகழ்த்தியது பிரெஞ்சுச் சட்டம் அன்று. ஒருவரை அவர் சார்ந்த இடத்தின் பெயரால் அழைக்கும் தமிழ் வழக்கமே. அம்முன்னொட்டு பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. ஆகவே எந்தப் பிறப்புப் பதிவேடும் அதைக் குடும்பப் பெயராகக் கணக்கிடப் போவதில்லை. பிரான்சில் அருகியதாக எண்ணப்படும் ஒரு பெயரைத் தமிழ் மக்களுள் பல லட்சம் பேர் அறிந்திருப்பதற்குக் காரணம், இங்கே அது குடும்பத்தினின்று விடுபட்டு மீண்டும் இடத்தின் பெயராக மாறியதேயாகும்.